கைப்பேசியிலும் தமிழ் எழுதுவோம்



நம் சங்கத்தின் பழைய கூட்டக் குறிப்புகள் தமிழில், கையெழுத்தில் இருக்கின்றன. இன்றோ நம் புலனக் குழுக்களில் நலம் விசாரிப்பதைக்கூட ஆங்கில எழுத்தில் தட்டுகிறோம். அதைப் படிக்க முடியாத நன்னிமார் பதில் எழுதாமல் இருந்துவிடுகிறார்கள்.

கருவி இல்லாத குறையா? இல்லை. அதைச் செய்து தந்தவரே நம் நாட்டவர்தான். முத்து நெடுமாறன் 1980களிலேயே கணினியில் தமிழைக் கொண்டுவர உழைக்கத் தொடங்கினார். அவருடைய ‘முரசு அஞ்சல்’ கணினியில் தமிழ் எழுத வழிசெய்தது. 2005இல் ‘செல்லினம்’ வந்தது. கைப்பேசியில் தமிழில் குறுஞ்செய்தி அனுப்ப முடிந்தது. ஆப்பிள் கணினியிலுள்ள ‘இணைமதி’ எழுத்துருவும் அவர் வடித்ததே.

பினாங்குக்கும் புதுமை புதிதல்ல. 19ஆம் நூற்றாண்டிலேயே குலாம் காதிறு நாவலர் இங்கே ‘வித்தியா விசாரிணி’ இதழை நடத்தினார். 1972இல் இன்டெல் ஆலை இங்கு வந்தது. இன்று உலகக் கணினிகளுக்குச் சில்லுகள் நம் ஊரிலிருந்து போகின்றன. அந்தக் கணினியில் நம் மொழியை எழுத நாமே தயங்கலாமா?

ஆகவே ஒரு வேண்டுகோள். பிள்ளைகளே, இன்றிரவு நன்னியின் கைப்பேசியில் தமிழ் விசைப்பலகையை அமைத்துக் கொடுங்கள். பதிலுக்கு அவரிடம் எழுத்துக் கற்றுக்கொள்ளுங்கள். சங்கத்தின் குறிப்பேடுகளையும் சேர்ந்தே கணினியில் ஏற்றுவோம். நூற்றாண்டு விழாவில் அவற்றைப் படிக்க நம் பேரப்பிள்ளைகள் இருக்கவேண்டும், அல்லாஹ் அருள்புரிவானாக.