எல்லாருக்கும் ஒரே கிண்ணம்



விருந்து நாளில் எல்லாருக்கும் பாயசம் பரிமாறுவார்கள். நீரிழிவு உள்ளவரிடம் மட்டும், “உங்களுக்கு வேண்டாம்” என்பார்கள். சிலர் அப்போது பேசாமல் இருந்துவிட்டு, பிறகு யாரும் பார்க்காதபோது இரண்டு கரண்டி சாப்பிடுவதும் உண்டு. அதற்குப் பதிலாக, எல்லாரோடும் அமர்ந்து அளவாகச் சாப்பிடக்கூடிய ஒரு பழ இனிப்பை இன்று செய்வோம்.

நான்கு பேருக்குத் தேவையானவை:
• சிறிய ஆப்பிள் – 1
• பப்பாளி – 1 கீற்று
• கொய்யா – பாதி
• சீனி சேர்க்காத, கொழுப்பு குறைந்த தயிர் – 1 கப்
• சப்ஜா விதை – 2 தேக்கரண்டி
• எலுமிச்சைச் சாறு – 1 தேக்கரண்டி
• ஏலக்காய்ப் பொடி – 1 சிட்டிகை

செய்முறை:
1. சப்ஜா விதையை ஒரு கப் தண்ணீரில் 15 நிமிடம் ஊறவைத்து வடிகட்டுங்கள். விதை நன்றாக உப்பியிருக்க வேண்டும். ஊறாத விதை தொண்டையில் சிக்கக்கூடும். ஜவ்வரிசி முழுக்க மாவுச்சத்து என்பதால் அதற்குப் பதிலாக இதைச் சேர்க்கிறோம்.
2. ஆப்பிளைத் தோலோடு பொடியாக நறுக்குங்கள். மெல்லச் சிரமப்படுவோர் ஆவியில் வேகவைத்து ஆறவிடலாம். கொய்யாவின் விதைகளை நீக்கிவிடுங்கள்.
3. எல்லாவற்றையும் தயிரில் கலந்து, அரை மணி நேரம் குளிர்பதனப் பெட்டியில் வைத்துப் பரிமாறுங்கள்.

சில விஷயங்களை மறக்காதீர்கள். வெள்ளைச் சீனியைத் தவிர்த்துவிட்டு, தேனோ வெல்லமோ குலா மெலாக்காவோ ஊற்ற வேண்டாம், அவையும் சீனியே. பாகில் ஊறிய டின் பழங்களும் அப்படித்தான். பழத்தைச் சாறு பிழிந்தால் நார்ச்சத்து போய்விடும். இரத்தத்தில் சர்க்கரை விரைவாக ஏறும்.

“சீனியே போடவில்லையே” என்று இரண்டாவது கிண்ணம் கேட்காதீர்கள். பழத்திலும் சர்க்கரை உண்டு. ஒரு நாளைக்கு இரண்டு பரிமாறு அளவு பழம் போதும்; இந்தக் கிண்ணத்தில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவாக வந்துவிடும். அதை அன்றைய கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனிப்பு சாப்பிட்டோம் என்பதற்காக மாத்திரையையோ இன்சுலினையோ நீங்களாகவே கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். சிறுநீரகப் பாதிப்பால் பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள், முதலில் மருத்துவரையோ உணவியல் நிபுணரையோ கேளுங்கள்.

அடுத்த விருந்தில் இதையே எல்லாருக்கும் பரிமாறுங்கள். உங்களுக்கென்று தனிப் பாத்திரம் தேவையில்லை.