எதைப் பகிரலாம், எதைப் பகிரலாகாது?

புலம்பெயர் தொழிலாளர் குடியிருப்பு பற்றிய கருத்தரங்கின் தலைமை உரை



கட்டடக் கலைஞர்கள், பொறியாளர்கள், தொழிலாளர் துறை அதிகாரிகள், சங்கத் தோழர்கள், பனியன் கம்பெனி உரிமையாளர்கள், மாணவர்கள் என்று இத்தனை பேர் ஒரே கூடத்தில் உட்கார்ந்திருப்பதே இந்தக் கருத்தரங்கின் முதல் வெற்றி. தலைமை தாங்க அழைத்த அமைப்பாளர்களுக்கு நன்றி. தலைமை உரை நீண்டால் முதல் அமர்வு சாப்பாட்டு நேரத்தைத் தின்றுவிடும். ஆகவே ஒரே ஒரு கருத்தைச் சொல்லி, அதற்குரிய கணக்கையும் காட்டிவிட்டு அமர்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருப்பூரில் ஒரு லைன் வீட்டை அளக்க மாணவர்களுடன் போயிருந்தேன். எட்டு அறைகள் ஒரே வரிசையில். ஒவ்வொன்றும் பத்துக்குப் பத்து, மேலே சிமெண்ட் ஷீட். நாங்கள் நுழைந்த அறையில் ஆறு பேர், எல்லோரும் ஒடிசாக்காரர்கள். நான் டேப்பைப் பிடித்து நீள அகலம் குறித்துக்கொண்டிருந்தேன். கூட வந்த மாணவி சுவரைப் பார்த்து ஏதோ எண்ணிக்கொண்டிருந்தாள். என்னவென்று கேட்டேன். "ஆணி, சார். முப்பத்தொன்று இருக்கு" என்றாள். ஓர் ஆணியில் மூன்று சட்டை. இன்னொன்றில் பாலிதீன் பைக்குள் ஆதார் அட்டையும் வங்கிப் புத்தகமும். ஒன்றில் சப்பாத்திக் கல், ஒன்றில் ஈரத் துண்டு. ஒன்றில் சார்ஜர், அதன் ஒயர் ஜன்னல் வழியே பக்கத்து அறைக்குப் போயிற்று. தரையில் இடமில்லாத மனிதர்கள் சுவரில் குடியேறியிருந்தார்கள். நான் நூறு சதுர அடி என்று எழுதிக்கொண்டு வெளியே வந்தேன். அவள் எழுதி வைத்திருந்ததுதான் அந்த அறைக்கு வேண்டிய வடிவமைப்புக் குறிப்பு என்று பிறகே புரிந்தது.

'லைன்' நமக்குப் புதிய சொல் அல்ல. இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் வழியே போன நம் முன்னோர் குடியிருந்த லயமும் இதே லைன்தான். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை, முன்னால் ஒடுங்கிய ஒரு திண்ணை, பொதுவில் ஒரு குழாய். அங்கே துன்பம் அறையின் சிறுமையோடு நிற்கவில்லை. வேலை போனால் கூரையும் போகும் என்ற பிணைப்பு அதைவிடக் கொடியது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1961-இல் வெளியிட்ட 115ஆம் எண் பரிந்துரை, முதலாளியே நேரடியாக வீடு கொடுப்பது பொதுவாக விரும்பத்தக்கதல்ல என்று சொன்னதன் பொருள், லயத்தில் வாழ்ந்த குடும்பத்துக்கு விளக்காமலே புரியும்.

கூட்டு வாழ்க்கையே கேடு என்று நான் சொல்லவில்லை. ஒண்டுக் குடித்தனம் நடத்திய சமூகம் நாம். மயிலாப்பூர், திருவல்லிக்கேணி 'ஸ்டோர்' வீடுகளில் ஒரு கிணற்றையும் ஒரு முற்றத்தையும் பல குடும்பங்கள் சண்டையும் சமாதானமுமாகப் பங்கிட்டன. அதே திருவல்லிக்கேணியின் மேன்ஷன்களில், வேலை தேடி வந்த தென்மாவட்டத்து இளைஞர்கள் தலைமுறை தலைமுறையாகத் தங்கினார்கள். அந்த அறைகளும் சிறியவைதான். ஆனால் கீழே இறங்கினால் மெஸ், டீக்கடை, சலவைக்கடை, பேப்பர் படிக்க ஒரு திண்ணை, பத்து நிமிட நடையில் மெரினா. அறை சுருங்கிய இடத்தை ஊர் ஈடுகட்டியது. இன்று ஊருக்கு வெளியே வயல் நடுவில், கடைசிப் பேருந்து எட்டு மணிக்கு நின்றுவிடும் இடத்தில் அதே அளவு அறையைக் கட்டுகிறோம். வெளியே ஊர் இல்லாத இடத்தில் அறை மட்டும்தான் தொழிலாளிக்கு வீடு, தெரு, கடற்கரை எல்லாம். அறை அளவு ஒன்றாக இருப்பதால் இரண்டையும் ஒன்றென்று நினைத்துவிடுகிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது? மாநிலம் விட்டு மாநிலம் வரும் தொழிலாளர்க்கென 1979-இல் ஒரு சட்டம் வந்தது. அதன் 1980ஆம் ஆண்டு மத்திய விதிகளின்படி, குடும்பமின்றி வரும் தொழிலாளிக்கு ஒப்பந்தக்காரர் தரும் தங்குமிடத்தில் ஆளுக்கு 6.5 சதுர மீட்டருக்குக் குறையாத தரைப்பரப்பு வேண்டும். ஒரு கொட்டடியில் பத்துப் பேருக்கு மேல் கூடாது. பத்துப் பேருக்கு ஒரு கழிப்பறை, ஒரு குளியலறை; தாழ்வாரமும் சமைக்கத் தனி இடமும் உண்டு. பின்னர் வந்த 2020ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டம் இந்தச் சட்டத்தைத் தன்னுள் இழுத்துக்கொண்டுவிட்டது. ஆனாலும் அந்த 6.5-ஐ ஓர் அளவுகோலாக வைத்துப் பாருங்கள். நாங்கள் அளந்த பத்துக்குப் பத்து அறை 9.3 சதுர மீட்டர். அந்தக் கணக்குப்படி அதில் ஒருவர் இருக்கலாம். இரண்டாமவருக்கு இடம் இல்லை. இருந்தவர்களோ ஆறு பேர். அவர்கள் தாங்களே வாடகை கொடுத்துத் தங்கியவர்கள் என்பதால், ஒப்பந்தக்காரரைக் கட்டுப்படுத்திய அந்த விதி அவர்கள் வாசல்வரை வரவே இல்லை.

இங்கே ஆய்வாளர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சதுர மீட்டரை மட்டும் ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம். நம் ஊர்ப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் வேலை செய்யும் சிங்கப்பூரை எடுத்துக்கொள்ளுங்கள். 2020-இல் கொரோனா அங்குள்ள தொழிலாளர் விடுதிகளைப் புரட்டிப்போட்டது. விடுதிகளில் தங்கியிருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தொற்று வந்தது என்று அந்த ஆண்டு முடிவில் அரசே அறிவித்தது. 2021-இல் புதிய விடுதிகளுக்கான விதிகளைத் திருத்தினார்கள். பழைய அளவு ஆளுக்கு 4.5 சதுர மீட்டர், புதிய அளவு 4.2. மேலோட்டமாகப் பார்த்தால் குறைத்துவிட்டார்கள் என்று தோன்றும். உண்மையில் பழைய கணக்கில் சமையலறையும் கழிப்பறையும் சேர்ந்திருந்தன. புதிய கணக்கு அறைக்குள் ஒருவருக்கே உரிய இடம் மட்டும். அதோடு அறைக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் கூடாது, ஆறு பேருக்கு ஒரு கழிப்பறை, கட்டிலுக்கும் கட்டிலுக்கும் ஒரு மீட்டர் இடைவெளி. எண் இறங்கியது, இடம் கூடியது. எத்தனை சதுர மீட்டர் என்று கேட்கும் முன், எவற்றையெல்லாம் சேர்த்து அளந்தார்கள் என்று கேட்க வேண்டும்.

நான் சொல்ல வந்த ஒரே கருத்து இதுதான். குறைந்த செலவில், குறைந்த இடத்தில் கட்டுகிறோம் என்றால் எதைப் பகிரச் சொல்கிறோம் என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். முறைவைத்துப் பயன்படுத்தும் பொருள்களைப் பகிரலாம்: அடுப்பு, துவைகல், உணவு மேசை, கொடி போடும் மாடி. இவற்றில் மிச்சமாகும் இடம் நேர்மையான மிச்சம். உடம்பு சாயும் இடத்தையும், பூட்டி வைக்கும் பெட்டியையும், ஒரு பிளக் பாயிண்டையும், முகத்தில் படும் காற்றையும் பகிரச் சொல்லக் கூடாது. சூரத்தில், ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்திலிருந்து போன விசைத்தறித் தொழிலாளர்கள் தங்கும் மெஸ்களில், பகல் ஷிப்டுக்காரர் எழுந்த பாயில் இரவு ஷிப்டுக்காரர் படுக்கிறார். இடத்தை இதைவிடச் சிக்கனமாக யாராலும் பயன்படுத்த முடியாது. அதை வடிவமைப்பு என்று நாம் யாரும் சொல்லமாட்டோம் என்று நம்புகிறேன்.

பகிரக்கூடியவற்றுக்கும் ஓர் அளவுகோல் வேண்டும். அது அடிக்கோல் அல்ல, கடிகாரம். திருப்பூரில் ஷிப்ட் காலை எட்டரைக்கு. எட்டு மணிக்குக் கிளம்ப வேண்டுமானால், ஆறரையிலிருந்து எட்டுவரை தொண்ணூறு நிமிடம். விதிப்படி பத்துப் பேருக்கு ஒரு கழிப்பறை என்றால் ஆளுக்கு ஒன்பது நிமிடம், எப்படியோ ஓட்டிவிடலாம். நாங்கள் அளந்த லைனில் 48 பேருக்கு மூன்று கழிப்பறை. ஆளுக்கு ஆறு நிமிடம்கூட இல்லை. விளைவு, யாரோ சிலர் ஆறரைக்கு வெகு முன்பே எழுந்தாக வேண்டும். முந்தைய இரவு ஒன்றரை ஷிப்ட் முடித்து எட்டரைக்கு வெளியே வந்து, சமைத்துச் சாப்பிட்டுப் படுத்தவர்கள் அவர்கள். கட்டியவர் மிச்சம் பிடித்த சதுர அடி அவர்களுடைய தூக்கத்திலிருந்து கழிந்திருக்கிறது. இந்தக் கணக்கு எந்த வரைபடத்திலும் தெரியாது.

அடுத்தது அடுப்பு. தனியாக வரும் தொழிலாளி தனியாகச் சமைப்பதில்லை. ஒரே ஊர்க்காரர்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரு சட்டி வைக்கிறார்கள். ஒருவர் மாவு பிசைவார், ஒருவர் காய் நறுக்குவார், செலவை மாதக் கடைசியில் வகுத்துக்கொள்வார்கள். ஆகவே குடியிருப்பின் அலகு தனி ஆளும் அல்ல, அறையும் அல்ல. ஒரு சட்டியில் சாப்பிடும் குழு. பாலக்காடு கஞ்சிக்கோட்டில் கேரள அரசு 2019-இல் திறந்த 'அப்னா கர்' விடுதியில் 620 படுக்கைகள், 64 அறைகள், 32 சமையலறைகள். இரண்டு அறைக்கு ஒரு சமையலறை. நூறு பேருக்கு ஒரே பெரிய அடுக்களை வைத்தால் இடம் மிச்சமாகும். ஆனால் அங்கே யாருடைய எண்ணெயும் யாருடைய பாத்திரமும் தங்காது. கடைசியில் அறைக்குள் ஒளித்து வைத்த ஸ்டவ்வில்தான் சமையல் நடக்கும். தீ விபத்துக்கு அது நாமே எழுதிக்கொடுக்கும் அழைப்பு.

அறைக்குள் அடுக்குக் கட்டில் தவறில்லை. இரண்டு அடுக்கோடு நிறுத்த வேண்டும். பத்தடிக்குக் குறைந்த உயரமுள்ள அறையில் மேல் கட்டிலில் எழுந்து உட்காருபவரின் தலைக்கு நேரே சீலிங் ஃபேன் சுழலும். சுவர் ஃபேன் வைத்தால் தீரும் இந்தச் சிக்கலை எத்தனை விடுதிகளில் கண்டுகொள்ளாமல் விட்டிருக்கிறோம்! மேல் கட்டில்காரருக்குச் சித்திரை வெயிலில் ஷீட் கூரை ஒரு தோசைக்கல். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய எலிப்பொறிக் கட்டுச் சுவர், செங்கல்லில் ஏறக்குறைய கால் பங்கைக் குறைக்கிறது. நடுவில் அடைபடும் காற்று வெப்பத்தையும் தடுக்கிறது. கான்கிரீட்டின் அடிப்பாகத்தில் பழைய ஓடுகளைப் பதித்துப் போடும் கூரையும் அப்படியே. மலிவும் குளிர்ச்சியும் ஒன்றுக்கொன்று பகை என்பது சோம்பேறித்தனம்.

கதவைப் பற்றி ஒரு வார்த்தை. நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் இளம்பெண்களை விடுதிகளில் அடைத்து வைத்த வரலாறு திருப்பூர் வட்டாரத்துக்கு உண்டு. அந்த விடுதிகளில் கட்டிலும் இருந்தது, கழிப்பறையும் இருந்தது. பூட்டு மட்டும் வெளிப்பக்கம் இருந்தது. தமிழ்நாடு 2014-இல் பெண்கள், குழந்தைகள் விடுதிகளுக்கெனத் தனிச் சட்டம் கொண்டுவந்தது. வரைபடத்தில் நாம் கதவைக் குறிக்கிறோம். சாவி யாரிடம் என்று குறிப்பதில்லை. குறிக்க வேண்டும்.

கடைசியாகப் பணம். காஞ்சிபுரம் மாவட்டம் வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட சிப்காட் குடியிருப்பு, 18,720 பெண்களுக்கானது, செலவு 706.50 கோடி ரூபாய். வகுத்துப் பார்த்தால் ஒரு படுக்கைக்குச் சுமார் 3.77 லட்சம். அந்தப் பணத்துக்கு ஆண்டுக்கு 6 விழுக்காடு வட்டி என்று வைத்தால் வட்டி மட்டுமே மாதம் ஏறக்குறைய 1,900 ரூபாய். தண்ணீர், மின்சாரம், துப்புரவு, காவல் எல்லாம் அதற்கு மேல். தன் வாடகையை ஊருக்கு அனுப்பும் பணத்திலிருந்து கழித்துப் பார்க்கும் தொழிலாளியால் இது முடியுமா? அரசு நிலத்தையும், குறைந்த வட்டியையும், தொழிற்சாலைகளின் நீண்டகால முன்பதிவையும் சேர்த்தால்தான் கணக்கு நிற்கும். மத்திய அரசு 2020-இல் அறிவித்த மலிவு வாடகைக் குடியிருப்புத் திட்டம், படுக்கைக்கு 10 சதுர மீட்டர் வரை அனுமதித்தது. காலியாகக் கிடந்த அரசு வீடுகளையும் வாடகைக்குத் திறக்க வழிசெய்தது. ஹோலிக்கும் சத் பூஜைக்கும் ஊருக்குப் போகும் வாரங்களில் காலியாகும் படுக்கைக்கு யார் வாடகை கொடுப்பது என்ற சின்னக் கேள்வியில்தான் இப்படிப்பட்ட பெரிய திட்டங்கள் தடுக்கி விழும்.

தனியார் லைன் வீட்டுக்காரரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. தலைக்கு இவ்வளவு என்று வாடகை வாங்கினால், ஒவ்வொரு தலையும் உரிமையாளருக்கு லாபம். அறைக்கு இவ்வளவு என்று வாங்கினால், ஒவ்வொரு தலையும் குடியிருப்போருக்குச் செலவுக் குறைப்பு. இரண்டு வழியும் நெரிசலில்தான் போய் முடிகிறது. அறைக்கு இத்தனை பேர் என்று வாசலிலேயே எழுதி வைத்து, அதற்கு மேல் சேர்ப்பதால் யாருக்கும் ஆதாயமில்லாத வாடகை முறை ஒன்றைக் கண்டுபிடிப்பது பொருளாதார அமர்வின் பொறுப்பு. வேலை மாறினாலும் கட்டில் மாறாதபடி, பல கம்பெனிக்காரர்களும் தங்கக்கூடிய பொதுக் குடியிருப்பை நடத்தும் நிர்வாக வடிவத்தைச் சட்ட அமர்வு சொல்லட்டும். வடிவமைப்பு அமர்வுக்கு வருபவர்கள் ஒவ்வொரு வரைபடத்தின் ஓரத்திலும் காலை ஆறரை முதல் எட்டுவரையிலான கணக்கை எழுதிக் காட்டுங்கள்.

ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். நிகழ்ச்சி நிரலில் ஞாயிறு மாலை நான்கு மணிக்கு ஓர் அமர்வு இருக்கிறது. அதில் லைன் வீடுகளில் தங்கியிருக்கும் தொழிலாளர்களே பேசுகிறார்கள், ஒடியாவிலும் இந்தியிலும். மொழிபெயர்ப்புக்கு ஆள் உண்டு. ஏன் கடைசியில் வைத்தீர்கள் என்று அமைப்பாளர்களிடம் கேட்டேன். அவர்களுக்கு வாரத்தில் அந்த ஒரு நேரம்தான் ஓய்வு, அதற்குள் துணியும் துவைத்து முடிக்க வேண்டும் என்றார்கள். ஞாயிறு மாலை என்றால் நம்மில் பலருக்குப் பேருந்து நினைவு வந்துவிடும். தயவுசெய்து டிக்கெட்டை இரவு வண்டிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இந்த மூன்று நாளில் நாம் சொல்வது சரியா என்று சொல்லக்கூடியவர்கள் அவர்கள் மட்டும்தான்.

கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.