பந்தாடும் பதுமைகள்

கோயிலுக்குத் திருவுருவம் செய்யும் சிற்பி, அதன் கண்ணைக் கடைசியாகவே திறக்கிறான். கையுங் காலும் திருத்தமாக அமைந்திருக்கலாம். அணியும் ஆடையும் குறைவற வந்திருக்கலாம். கண் திறக்கும் வரையில் அது வெறுங் கல்லே. இந்த வழக்கத்தை அறியாத ஒரு கூட்டத்தார் இன்று இதே குறையைச் சொல்லி முறையிடுகின்றனர். அவர்கள் உதைபந்தாட்ட வீடியோ விளையாட்டுகளின் இரசிகர்கள். “தலைமயிர் சரி, சட்டையின் மடிப்புச் சரி, வியர்வையுங்கூடச் சரி, கண்ணிலேதான் உயிரில்லை” என்பது அவர்களுடைய நெடுநாளைய வழக்கு.

இதனை விளையாட்டுப் பிள்ளைகளின் வீண்பேச்சென்று தள்ளிவிடுதல் எளிது. ஆயினும், ஒரு பதுமை ஒரு மனிதனைப் போலவே தோன்றவேண்டுமானால் அம்மனிதனிடமிருந்து எதனை எடுத்து அதற்குக் கொடுக்கவேண்டும் என்ற பழைய கேள்வி இம்முறையீட்டினுள்ளே கிடக்கின்றது. அதற்கு இரசிகர் கூறும் விடை பெரியவர்களும் கேட்கத் தக்கது.

1992ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளிவந்த ‘சென்சிபிள் சொக்கர்’ என்னும் விளையாட்டிலே ஆட்டக்காரர் எறும்பளவினர். மயிரின் நிறத்தையும் தோலின் நிறத்தையும் கொண்டே ஒருவரை மற்றவரிலிருந்து பிரித்தறிய வேண்டும். 1993இல் எலெக்ட்ரோனிக் ஆர்ட்ஸ் நிறுவனம் ஃபிஃபா என்ற பெயர் தாங்கிய தன் முதல் விளையாட்டை வெளியிட்டது. அதிலே நாடுகள் மெய். ஆட்டக்காரரின் பெயர்கள் கற்பனை. யப்பானிய நிறுவனமான கொனாமியின் விளையாட்டுகளிலோ, உரிமை பெறப்படாத காரணத்தால் லிவர்பூல் கழகம் ‘மேர்சிசைட் ரெட்’ என்று மாறுவேடம் பூண்டது. பிறேசில் வீரர் ரொபேட்டோ கார்லோஸ், ‘ரொபேட்டோ லார்கோஸ்’ ஆனார். இரசிகர் தம் கையாலே செய்யத் தொடங்கிய திருத்தம் இந்தப் பெயர்த் திருத்தந்தான். இரவிரவாக இருந்து, ஒவ்வொரு பெயரையும் ஒவ்வொரு சட்டையையும் சரிசெய்து, அந்தத் திருத்தக் கோப்பை முகமறியாத மற்றவர்களுக்கும் இலவசமாகக் கொடுத்தனர். பாடசாலைப் பயிற்சிப் புத்தகத்தில் இவ்வளவு பிழைதிருத்தம் செய்த மாணாக்கர் அரியர்!

யாழ்ப்பாணக் குடாநாடு அந்நாட்களில் இவை எதனையும் காணவில்லை. 1990ஆம் ஆண்டு முதல் பல ஆண்டுகள் மின்சாரமின்றி இருண்டு கிடந்தது அது. மின்கலங்களும் தடைசெய்யப்பட்டிருந்தன. துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையாற் சுழற்றி, டைனமோவிற் பிறக்கும் சிறு மின்சாரத்திலே மக்கள் வானொலி கேட்டனர். குரலொன்றையே பற்றுக்கோடாகக் கொண்டு முழு ஆளையும் மனத்திலே எழுப்பிக்கொள்ளப் பழகிய அக்காலச் சிறுவர் இன்று நடுவயதினர். “அவர் சற்றுத் தயங்குகிறார்” என்று வர்ணனையாளர் சொல்லும் ஒரு வார்த்தை போதும். தயங்கும் காலும், திரும்பிப் பார்க்கும் முகமும் கேட்பவர் முன்னே வந்து நிற்கும். அவர்களுடைய பிள்ளைகள் இன்று கைத்தொலைபேசித் திரையிலே பந்தாடுகின்றனர். தந்தைக்குக் கிட்டாத உருவம் மகனுக்குக் கிட்டியிருக்கின்றது. ஆனாலும் மகனுக்கு மனம் நிறையவில்லை.

நிறையாமைக்கு முதற் காரணம் முகம். பெருங் கழகங்களின் வீரரை நடுவில் இருத்தி, சுற்றிலும் பல புகைப்படக் கருவிகளை நிறுத்தி, தலையை எல்லாப் பக்கமும் படமெடுத்து, அதனையே உருவமாக வார்க்கின்றனர். மறுவும் தழும்பும் தப்புவதில்லை. சிறு கழகத்து வீரனுக்கு அந்தப் பேறு வாய்ப்பதில்லை. கடையிலே தொங்கும் ஆயத்த உடைகளுள் ஏறக்குறையப் பொருந்துவதொன்றை எடுத்து மாட்டுவது போல, அவனுக்கு ஒரு பொது முகத்தை மாட்டிவிடுகின்றனர். 2021இல் வெளிவந்த ஃபிஃபா 22 விளையாட்டிலே இந்தியன் சுப்பர் லீக் சேர்க்கப்பட்டது. 2015இலும் 2018இலும் வாகை சூடிய சென்னையின் எஃப்சி கழகமும் அதனால் திரையேறியது. அருகே சென்று பார்த்தாலோ, பெரும்பாலான வீரருக்கு வாய்த்தது அந்தப் பொது முகமே. முதுகிலுள்ள பெயரை வாசித்துத்தான் ஆளை அறியவேண்டும். இலங்கை வீரருக்கு அந்த முதுகுங்கூட வாய்க்கவில்லை. அவ்விளையாட்டிலே இலங்கை அணி இல்லை.

முகத்தினும் நுட்பமானது நடை. ஒழுங்கையின் கடைசியில் வருபவர் யாரென்பதை முகம் தெரியுமுன்னே நடையால் அறிந்துகொள்வது எவர்க்கும் இயல்பு. இரசிகர் முறையீடுகளிற் பெரும்பகுதி இதனைப் பற்றியதே. எல்லாரும் ஒரே விதமாக ஓடுகின்றனர். ஒரே விதமாகத் திரும்புகின்றனர். பருத்தவனும் மெலிந்தவனும் நினைத்த இடத்தில் நினைத்தபடி நின்றுவிடுகின்றனர். உடலுக்கு எடை உண்டென்றால், பருத்தவன் திரும்புவதற்கு இன்னும் ஓரடி தேவைப்பட வேண்டாவா என்பது அவர்கள் கேள்வி. நிறுவனத்தாரும் வாளாவிருக்கவில்லை. 2015இல் வந்த ஃபிஃபா 16இலே 12 நாடுகளின் பெண்கள் அணிகள் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டபோது, ஆணின் ஓட்டத்துக்குப் பெண்ணின் முகத்தை ஒட்டிவிடாமல், வீராங்கனைகளின் அசைவுகளையே தனியாகப் பதிவுசெய்தனர். தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரி மாணவியரின் ஆட்டத்தை நேரிற் பார்த்தவர்களுக்கு இதன் நியாயம் விளக்காமலே விளங்கும். ஃபிஃபா 22க்காக, இருபத்திரண்டு ஆட்டக்காரருக்கும் உணர்கருவி பொருத்திய உடைகளை அணிவித்து, முழு ஆட்டத்தையும் ஆடவிட்டுப் பதிந்தனர். கூடத்துக்குள்ளே ஓரிருவரை ஓடவிட்டு எடுக்கும் அசைவிலே பந்தும் உதையும் இருக்கும். பந்து தன்னிடம் இல்லாத வேளையில் ஒருவன் எப்படி நிற்கிறான் என்பது இராது. ஆட்டத்தின் பெரும்பகுதியில் எந்த வீரனிடமும் பந்து இருப்பதில்லையே!

இம்முயற்சிகளில் இடறல்களும் உண்டு. 2022இல் வந்த ஃபிஃபா 23இலே ஓட்டத்தை மூவகையாக வகுத்தனர்: வெடித்துப் புறப்படுவோர், சீராக ஓடுவோர், மெல்லத் தொடங்கி நெடுந்தூரத்திலே வேகங்கொள்வோர். நோக்கம் நன்று. ஆனால், மூன்றாம் வகையினர் வேகமெடுத்தபின் அவர்களைப் பிடிப்பது மிக அரிது என்பதை இரசிகர் விரைவிலே கண்டுகொண்டனர். உடனே, கழகக் கோட்டையின் கதவு போல நிற்கும் உயர்ந்த தடுப்பாளரெல்லாம் பந்தயக் குதிரைகளாகத் தேடப்பட்டனர். மனிதச் சாயலுக்காக வகுத்த விதி, மனிதச் சாயலையே கெடுத்துவிட்டது. நிறுவனம் பின்னர் அதனைச் சீர்செய்யவேண்டியதாயிற்று.

இனி, இரசிகர் கேட்பவற்றுள் மிக விந்தையானதொன்று உண்டு. அவர்கள் தம் வீரனுக்கு மேலுந் திறமை வேண்டுமென்று கேட்கவில்லை. குறை வேண்டுமென்று கேட்கின்றனர். எண்பதாவது நிமிடத்திலே கால் கனக்கவேண்டும். வலக்காலன் இடக்காலுக்கு வந்த பந்தைத் தடுமாறி உதைக்கவேண்டும். வாயிலைத் தவறவிட்டவன் தலையிற் கைவைத்துச் சில கணங்கள் ஆட்டத்தை மறந்து நிற்கவேண்டும். மத்தியஸ்தருக்கும் சிற்சில வேளை கண் பிசகவேண்டும். புகழேந்திப் புலவரின் நளவெண்பாவைக் கற்ற மாணாக்கருக்கு இது புதிதன்று. நளனுடைய உருவிலே தேவர் நால்வரும் வந்து அமர்ந்த சுயம்வர மண்டபத்திலே, தமயந்தி மெய்யான நளனை எவ்வாறு கண்டாள்? அழகால் அன்று, அழகிலே ஐவரும் ஒப்பர். இமைக்கும் கண்ணையும், நிலந் தோயும் காலையும், வாடும் மாலையையும் கண்டே இவன் மனிதன் என்று தெளிந்தாள். வாடாத மாலையோடு ஓடும் திரை வீரரைக் கண்டு சலித்த இளைஞரும் தமயந்தியின் கண்ணாலேயே பார்க்கின்றனர் எனலாம்.

ஆயினும், தமயந்தியின் உறுதி அவர்களிடம் எப்பொழுதும் இருப்பதில்லை. கேட்ட குறை எதிரணியிலே வந்தால் இயற்கை என்பர். தம் அணியின் கோல் காப்பாளர் கைநழுவ விட்டால், கணினி வேண்டுமென்றே செய்த வஞ்சனை என்பர். பரிசுப் பணத்துக்காக ஆடும் போட்டியாளருக்கோ தற்செயலான தடுமாற்றம் சிறிதும் ஆகாது. இவ்விரு சாராரையும் ஒருங்கே மகிழ்விக்க ஒருவராலும் இயலவில்லை. 2023இல் ஃபிஃபா என்ற பெயரைக் கைவிட்டு எஃப்சி என்ற பெயரைச் சூடிக்கொண்ட அதே விளையாட்டு, 2025 செப்டெம்பரில் எஃப்சி 26 ஆக வந்தபோது, இரசிகரின் கருத்துகளைக் கேட்டே திருத்தியதாகச் சொல்லி, ஆட்டத்தை இரண்டாகப் பிரித்துவிட்டது. ஒன்று போட்டிக்குரியது, விரலின் விரைவுக்கு முதலிடம் தருவது. மற்றையது மைதானத்து ஆட்டத்தின் நிதானத்தை நெருங்க முயல்வது. நேர்மையான தீர்ப்பென்றே கூறவேண்டும். வெல்ல விரும்புபவனுக்கும் மனிதரைப் பார்க்க விரும்புபவனுக்கும் ஒரே பதுமை உதவாது.

இப்பதுமைகளின் குணங்களை யார் அறிந்து எழுதுகின்றனர் என்பது பலர் அறியாத செய்தி. ஒவ்வொரு வீரனுக்கும் முப்பதுக்கு மேற்பட்ட இயல்புகளுக்கு எண் இடப்படுகின்றது. அந்த எண்களின் பின்னே உலகெங்குமுள்ள ஆயிரக்கணக்கான தொண்டர்கள் இருக்கின்றனர். பயிற்றுநரும் இரசிகரும் அவர்களுள் அடங்குவர். ‘ஃபுட்போல் மனேஜர்’ என்னும் மற்றொரு விளையாட்டும் அவ்வாறே பார்வையாளர் குழுவை நாடுதோறும் வைத்திருக்கின்றது. அவர்களின் குறிப்புகள் எவ்வளவு நம்பத் தக்கனவெனில், 2008இல் இங்கிலாந்தின் எவேட்டன் கழகம் வீரரைத் தேடுவதற்காக அத்தொகுப்பைப் பயன்படுத்த உடன்படிக்கை செய்துகொண்டது. ஆகவே, ஒரு வீரன் திரையிலே உயிர் பெறுவதற்கு அவன் திறமை மட்டும் போதாது. மழையிலும் வெயிலிலும் ஓரத்தில் நின்று அவனையே பார்த்து, பார்த்ததை எழுதி வைக்கும் ஒருவர் வேண்டும்.

குடாநாட்டின் ஆட்டக்காரருக்குக் கிட்டாமற் போனவர் இவரே. நாவாந்துறை சென் மேரிஸ், பாசையூர் சென் அன்ரனிஸ், இளவாலை யங் ஹென்றிசியன்ஸ், ஊரெழு றோயல் முதலிய கழகங்களின் ஆட்டத்தைப் பார்க்கத் திரள்வோரிற் குறைவில்லை. எழுதியவர் சிலர், எழுதியவற்றுள் எஞ்சியவை அதனினுஞ் சில. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது பழைய பத்திரிகைத் தொகுப்புகளும் எரிந்தன. 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் ஊரைவிட்டு நீங்கினர். 1995 ஒக்டோபர் இறுதியிலே வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தது. கையில் எடுத்துச் செல்லக்கூடிய பொருள்களுள் உதைபந்தாட்டக் குழுவின் படத்துக்கு முதலிடம் கொடுத்தவர் எத்தனைபேர் இருக்கமுடியும்? துரையப்பா விளையாட்டரங்கு இந்திய அரசின் உதவியுடன் திருத்தப்பட்டு 2016 யூனில் மீண்டும் திறக்கப்பட்டது. மயிலிட்டித் துறைமுகப் பகுதி 2017 யூலையில் மக்களிடம் மீண்டது. நிலம் ஓரளவு திரும்பிவந்தது. அந்நிலத்திலே ஓடியவர்களின் ஓட்டம் அவ்வாறு திரும்பி வருவதில்லை.

அவ்வோட்டம் புற்றரையில் ஓடும் ஐரோப்பியனுடைய ஓட்டமன்று. கடலோர மணலிலே வெறுங்காலுடன் ஆடிப் பழகியவன், பந்தை உருட்டுவதிலும் எழுப்பி ஆடுவதையே விரும்புவான். பாதத்தை உயரத் தூக்கி வைப்பான். சோளகக் காற்று வீசும் மாதங்களில் எந்தப் பக்கத்தைத் தெரிவதென்பதே பாதி ஆட்டம். காற்றுக்கெதிராக நெடும்பந்து அடிப்பவனைக் கரையில் நிற்கும் முதியவர் பெயர் சொல்லி ஏசுவார். இவை எந்த எண்ணிலும் அடங்கவில்லை. ஆனால், பார்த்தவர்கள் இன்னும் இருக்கின்றனர். நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர் ஆடிய ஒருவன் பக்கம் மாறுமுன் எந்தத் தோளைத் தாழ்த்துவான் என்பதைச் சொல்லக்கூடியவர்கள் மைதானத்து வேம்பின் கீழே மாலைதோறும் அமர்கின்றனர்.

இவ்விளையாட்டுகளிற் சிலவற்றிலே புதிய ஆட்டக்காரனைத் தானே ஆக்கிக்கொள்ளும் வசதி உண்டு. கரையோரக் கிராமமொன்றின் வீட்டிலே ஒரு பையன், தன் ஊரில் முன்னொரு காலம் பெயர் பெற்றிருந்த முன்னணி வீரன் ஒருவனை அவ்வாறு ஆக்கத் தொடங்கினான். உயரம், எடை, மயிரின் நிறம் என்று கணினி ஒவ்வொன்றாகக் கேட்டது. எந்தக் கால் என்று கேட்டபோது அவன் திண்ணையிலிருந்த பாட்டனாரை நோக்கினான்.

“அப்பப்பா, அவருக்கு எந்தக் கால்?”

“இடக்கால். ஆனால் தண்டனை உதையெண்டால் வலக்காலாலைதான் அடிப்பான்.”

“ஏன் அப்பப்பா? வலக்காலும் நல்லதோ?”

“இல்லையடா தம்பி. ஒருக்கா கடைசி ஆட்டத்திலை இடக்காலாலை அடிச்சுக் கம்பத்திலை பட்டுத் திரும்பிப்போச்சு. அதுக்குப் பிறகு அவனுக்கு அந்தக் காலிலை பயம்.”

மறுகாலின் வலிமையைக் குறிக்கத் திரையிலே ஐந்து நட்சத்திரங்கள் இருந்தன. எத்தனையை ஒளிரவிடுவதென்று தெரியாமல் பையன் நெடுநேரம் அதனையே பார்த்துக்கொண்டிருந்தான்.