கதை கேட்டது போதும், கணக்கைக் காட்டுங்கள்!



பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேள்வி கேட்டால் நமக்குக் கதை சொல்கிறார்கள். தெருவிளக்கில் படித்துக் கலெக்டரான பையன் கதை! நாமும் கைதட்டுகிறோம். வாத்தியார் எத்தனை பேர் என்று கேட்க வந்தவர், கேட்காமலே வீடு திரும்புகிறார்.

கதையை லேசாக நினைக்காதீர்கள். 1953இல் சென்னை மாநிலத்தில் முதல்வர் ராஜாஜி தொடக்கப் பள்ளி நேரத்தை மூன்று மணியாகக் குறைத்தார். மிச்ச நேரம் வீட்டுத் தொழில் பழகட்டும் என்றார். தகப்பனே வாத்தியார்! கேட்கச் சுகமான கதை. 'மலம் அள்ளுகிறவர் பிள்ளை எதைப் பழகும்?' என்று எதிர்க்கதை எழுந்தது. 1954இல் காமராசர் முதல்வராக வந்தார், குலக்கல்வி என்று பெயர்பெற்ற அந்தத் திட்டம் போயிற்று.

இன்னொரு கதை: அரியலூர் மாணவி அனிதா பிளஸ் டூவில் 1176 மதிப்பெண் எடுத்தும், நீட் தேர்வால் மருத்துவ இடம் கிடைக்காமல் 2017இல் மாண்டாள். தமிழ்நாடு அழுததோடு நிற்கவில்லை. 2020இல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத ஒதுக்கீடு வந்தது. 2021இல் நீதிபதி ஏ.கே.ராஜன் குழு நீட்டால் யாருக்கு இடம் போயிற்று என்று கணக்கெடுத்தது.

நம் கதைக்கு வருவோம். 2023இல் புதுச்சேரி அரசுப் பள்ளிகளின் மேல் வகுப்புகளும் சி.பி.எஸ்.இ.க்கு மாறத் தொடங்கின. நீட்டை வெல்லப்போகும் பிள்ளையின் கதையைச் சொன்னார்கள். வெல்லட்டும், மகிழ்ச்சி! பத்தாம் வகுப்பில் தமிழ்நாட்டுப் புத்தகத்தைப் படித்து, பதினொன்றில் திடீரென வேறு புத்தகத்தை வாங்கிய பிள்ளையின் கதையைச் சொன்னது யார்? நம் எல்லையிலுள்ள வாஞ்சூரைத் தாண்டினால் தமிழ்நாட்டு நாகூர். ஒரே கடல், ஒரே மீன். அங்கே படிக்கும் அத்தை மகளின் பழைய கைடு இங்கே படிக்கும் பிள்ளைக்கு உதவாது!

திருமலைராயன்பட்டினம் என்கிற இந்த ஊரின் கதை என்ன? மன்னன் திருமலைராயன் அவையில் அவைப்புலவர் அதிமதுரகவிக்கு ஆசனம் இருந்தது; வந்து நின்ற புலவர் காளமேகத்துக்கு இல்லை. அவர் பாடிய வசையில் மண்மாரி பொழிந்தது என்கிறார்கள். கொள்கை பேசும் அவையில் இன்றைக்கு ஆசனம் இல்லாதவர்கள் யார்? தோற்ற பிள்ளையும், பாதியில் நின்ற பிள்ளையும்தான்!

ஆகவே கேட்கிறோம். ஒவ்வொரு பள்ளியிலும் ஒன்பதிலும் பதினொன்றிலும் சேர்ந்தவர் எத்தனை பேர்? தேர்வு எழுதியவர், தேறியவர், நின்றவர் எத்தனை பேர்? எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை? பள்ளி வாசலில் தமிழில் எழுதி ஒட்டுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர் முன் வாசியுங்கள். அதன்பிறகு எந்தக் கதை வேண்டுமானாலும் சொல்லுங்கள். விடிய விடிய உட்கார்ந்து கேட்கிறோம்!