மூலத்துக்குக் களிம்பு போதுமா?



இன்றைக்கு என்ன பேசப்போகிறேன் என்று சொன்னதும் உங்களில் சிலர் முந்தானையால் வாயை மூடிக்கொள்வீர்கள். மூலவியாதியைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களிலும் பிரசவமான புதிதிலும் பல பெண்களுக்கு இது வருகிறது. பெற்ற தாயிடம்கூடச் சொல்லாமல், கடையில் ஒரு களிம்பை வாங்கித் தடவிக்கொண்டு நாளைக் கடத்துகிறார்கள்.

ஆசனவாயில் எல்லோருக்குமே ரத்தக்குழாய்கள் மெத்தைபோல அமைந்திருக்கின்றன. அவை வீங்கிப் புடைத்தால் மூலம் என்கிறோம். வயிற்றில் பிள்ளை வளர வளர, கர்ப்பப்பையின் பாரம் அங்கே ரத்தத்தைத் தேங்க வைக்கிறது. கூடவே மலச்சிக்கல் இருந்து முக்கினால் கேட்கவே வேண்டாம். வெளியே போக இருட்டட்டும் என்று அடக்கி வைக்கிற பழக்கமும் மலத்தை இறுக்கிவிடும்.

வெளிமூலம் அரிக்கும், ரத்தம் கட்டிக்கொண்டால் உட்கார முடியாதபடி வலிக்கும். உள்மூலம் அப்படியல்ல. உள்ளே அந்த இடத்தில் வலியை உணர்த்தும் நரம்பு கிடையாது. அதனால் வலியே இல்லாமல் ரத்தம் சொட்டும்.

இப்போது களிம்புக்கு வருவோம். பல களிம்புகளில் லிக்னோகெய்ன் என்ற மரத்துப்போகச் செய்யும் மருந்து இருக்கிறது. சிலவற்றில் வீக்கத்தையும் அரிப்பையும் தணிக்க ஸ்டீராய்டு மருந்தும் கலந்திருக்கும். வலியும் எரிச்சலும் குறையும், உண்மைதான். ஆனால் மூலத்தை அடியோடு போக்குவதோ, ரத்தப்போக்கை நிறுத்துவதோ களிம்பின் வேலையில்லை.

வெதுவெதுப்பான தண்ணீரை அகலமான பேசினில் ஊற்றி, பத்துப் பதினைந்து நிமிடம் உட்காருங்கள். மெல்லிய துணியால் ஒற்றி எடுத்தபின், களிம்பைக் கொஞ்சமாகத் தடவுங்கள். முன்னும் பின்னும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவவேண்டும். ஒரே டியூபை வீட்டில் எல்லோரும் போடக்கூடாது. ஸ்டீராய்டு கலந்ததை டாக்டர் சொல்லாமல் ஒரு வாரத்துக்கு மேல் தடவினால் தோல் மெலிந்துவிடும். கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் எந்தக் களிம்பையும் கேட்டுத்தான் போடவேண்டும்.

என் பணிக்காலத்தில் ஒரு கர்ப்பிணித் தாயைப் பார்த்தேன். முகம் வெளுத்து, நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11 கிராமாவது இருக்கவேண்டும். அந்தம்மாவுக்கு 7 தான் இருந்தது. சாப்பாட்டைக் கேட்டோம், பூச்சி மாத்திரையைக் கேட்டோம். கடைசியில் நர்ஸ் தனியாக அழைத்துப்போய், "வெளிக்குப் போகும்போது ரத்தம் போகுதா தாயி?" என்று கேட்டதும் அழுதுவிட்டார். ஒரு வருஷமாகப் போகிறதாம். வீட்டுக்காரருக்கு வாங்கிய களிம்பைத்தான் ஒளித்து ஒளித்துப் போட்டுவந்திருக்கிறார். அதுவும் வலியே இல்லாத மூலத்துக்கு!

இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுப்பாகப் போகும். அது ரத்தமல்ல. சிலருக்கு மலம் இறுகும்; அதற்காக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். கீரை, வாழைத்தண்டு, கொய்யாப்பழம், கேழ்வரகு சேர்த்துக்கொண்டு தண்ணீரை நிறையக் குடியுங்கள். அப்படியும் சிக்கல் தீராவிட்டால் இளக்கி மருந்து கேட்டு வாங்கலாம்.

'மூலம், பவுத்திரம் ஆபரேஷன் இல்லாமல் குணம்' என்று போர்டு மாட்டியிருக்கும் போலி வைத்தியரிடம் போகாதீர்கள். காரமருந்தை வைத்துக் கருக்கியதில் ஆசனவாயே சுருங்கிப்போனவர்கள் உண்டு. ஆபரேஷன் எல்லோருக்கும் தேவைப்படுவதில்லை. உள்மூலத்துக்குச் சின்ன ரப்பர் வளையம் மாட்டி உதிரச் செய்யும் முறையும் இருக்கிறது.

ரத்தம் போனால், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒருமுறை டாக்டரிடம் காட்டியே ஆகவேண்டும். குடலில் புற்றுநோய் இருந்தாலும் ரத்தம் போகும். மலத்தோடு கலந்து போனாலோ, எடை குறைந்தாலோ, நாற்பது வயதைத் தாண்டியவர்களானாலோ நாளைக் கடத்தவே கூடாது.

கூட்டம் முடிந்ததும் நர்ஸம்மா உள் அறையில் இருப்பார். ஒவ்வொருவராகப் போங்கள், கதவைச் சாத்திக்கொண்டு பேசலாம்.