லாக்கப் அல்ல, மருத்துவமனை



அஸ்ஸாமின் திவா பழங்குடியைச் சேர்ந்த மச்சல் லாலுங் 1951இல் கைதானார். மனநோய் என்று தேஜ்பூர் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். 1967இல் மருத்துவர்கள் குணமாகிவிட்டதாக எழுதிக் கொடுத்தார்கள். பிறகும் வீட்டுக்கு விடவில்லை. குவாஹாட்டி சிறைக்கு மாற்றினார்கள். விசாரணையே நடக்காமல், 2005இல் ஒரு ரூபாய் சொந்த ஜாமீனில் வெளியே வந்தார். 54 ஆண்டுகள்! கேட்க நாதியில்லாதவரைச் சிறை இப்படித்தான் மறக்கும்.

அஸ்ஸாம் வரை போக வேண்டாம். எங்கள் காலனித் தம்பி ஒருவன் பெங்களூருக் கட்டட வேலையிலிருந்து திரும்பியபின் தனக்குத்தானே பேசத் தொடங்கினான். ஓரிரவு பூட்டிய கடையின் ஷட்டரைத் தட்டியவனைத் திருட்டு முயற்சி என்று பிடித்தார்கள். அவன் அம்மா மாத்திரைச் சீட்டை நீட்டினார். "அத கோர்ட்ல போய்ச் சொல்லு" என்றார்கள். ஜாமீனுக்கு இரண்டு பேர் வேண்டும், வீட்டுவரி ரசீது வேண்டும். புறம்போக்கில் குடியிருப்பவர்களிடம் ரசீது ஏது? நாற்பது நாள் மாத்திரையின்றி உள்ளே கிடந்தான். வெளியே வந்தபோது அம்மாவை யாரென்று கேட்டான்.

சட்டம் இல்லாமலா? குற்றம் செய்யாத மனநோயாளிகளைச் சிறையில் வைப்பது சட்டவிரோதம் என்று 1993இலேயே ஷீலா பார்சே வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 100ஆம் பிரிவு, தன்னைப் பார்த்துக்கொள்ள இயலாமல் அலைபவரைப் போலீஸ் 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனையில் சேர்க்கச் சொல்கிறது. லாக்கப்பில் வைக்கவே கூடாது என்கிறது. வழக்கே இருந்தாலும், தன் தரப்பைச் சொல்ல முடியாத நிலையில் இருப்பவரை, உறவினர் பொறுப்பேற்றால் சிகிச்சைக்காக ஜாமீனில் விடலாம். பட்டியல் சாதியினருக்கும் காவலில் இருப்பவருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞர் தர வேண்டும்.

சமூகவியலில் முதுகலை படித்த எனக்கே அன்று இவை தெரியாது. ரிமாண்டின்போது அந்தச் சீட்டை மாஜிஸ்திரேட் கையில் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்காமல் வாசலில் நின்றேன்.

ஒன்றை மறக்க வேண்டாம். சிறைக்குப் பதில் இன்னொரு சங்கிலி நம் கோரிக்கை அல்ல. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் கட்டிப்போடப்பட்ட 28 பேர் தீயில் கருகினார்கள். நாம் கேட்பது அருகிலேயே மருத்துவர், தடையில்லாத மாத்திரை, திரும்பி வர ஒரு வீடு, செய்ய ஒரு வேலை.

அடுத்த கைது நடக்கும் இரவில் உங்களில் ஒருவராவது அந்தத் தாயோடு போங்கள். மாத்திரைச் சீட்டை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.

ஜெய்பீம்.