மலைச்சரிவும் குடியிருப்போர் உரிமையும்

(பொதுக்கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் காலை, கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயன்களை மூடியது. அது எவரும் எதிர்பாராத விபத்தன்று. அங்குள்ள மக்களை அகற்றவேண்டுமென்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தது, போய்க் குடியேறக் காணி இருக்கவில்லை.

மலை ஏன் சரிகிறது? வரம்பில் நீர் ஊறினால் நேர்வதை உழவர்க்கு நாம் விளக்கவேண்டியதில்லை. பாறைமீது கிடக்கும் தளர்ந்த மண்ணுள் மழைநீர் இறங்கித் தேங்கினால் மண்ணின் பாரம் கூடுகிறது; நீரின் அழுத்தம் மண்ணின் பிடியைத் தளர்த்துகிறது. அந்நிலையில் வீட்டுக்கென்று அடிவாரத்தை வெட்டுவது, மேலுள்ள மண்ணின் ஊன்றுகோலைப் பறிப்பதாகும்.

ஆகவே முதல் வேலை நீரை வெளியேற்றுவதே. சரிவின் தலைப்பிலே குறுக்கு வாய்க்கால் அமைத்து மழைநீரை ஓடைக்குத் திருப்பவேண்டும். உள்ளே தேங்கிய நீருக்குத் துளைக் குழாய்கள் செலுத்தி வழிவிடவேண்டும். 1990களில் வட்டவளையில் புகையிரதப் பாதையைச் சிதைத்த சரிவை அடக்க இம்முறையே கைக்கொள்ளப்பட்டது. வெட்டுமுகத்தைப் படிபடியாக்குவதும் தாங்குசுவர் எழுப்புவதும் அதன் பின்னரே. நீர் கசியத் துவாரமில்லாத சுவர், பாதுகாக்க வந்த வீட்டின்மீதே விழும். வெட்டிவேர் மேல்மண்ணைக் காக்கும். ஆழத்திலிருந்து நகரும் மலையை அது நிறுத்தாது.

இவ்வளவும் பொறியியலாளர் அறிந்தவையே. ஆனால் வாய்க்காலை வெட்டும் உரிமை யாருக்கு? இங்குதான் சட்டம் குறுக்கே நிற்கிறது. பெரும்பாலான தோட்டங்கள் அரச நிலம். 1992 முதல் அவற்றின் நிருவாகம் கம்பனிகளிடம். லயனில் மூன்று தலைமுறை வாழ்ந்தவருக்கும் தம் கூரைக்கு மேலுள்ள சரிவில் மண்வெட்டி வைக்க உரிமையில்லை. பிரதேச சபை தோட்டத்துள் தடையின்றிப் பணம் செலவிடுவதற்கே 2018இல் அச்சட்டத்தின் 33ஆம் பிரிவைத் திருத்தவேண்டியிருந்தது!

7 பேர்ச் தருவோம், 10 பேர்ச் தருவோம் என்கிறார்கள். செங்குத்துச் சரிவிலே 10 பேர்ச் அளந்து, வெட்டுக்கும் வாய்க்காலுக்கும் சுவருக்கும் இடம் விட்டால் வீட்டுக்கு எஞ்சுவது எவ்வளவு? காணியின் அளவு மட்டும் போதாது. எந்தச் சரிவு, அதன் நீர் எவ்வழி போகிறது, வாய்க்காலைத் துப்புரவு செய்யும் கடமை யாருடையது என்பவை உறுதிப்பத்திரத்தோடு சேர்த்துத் தமிழில் எழுதிக் கொடுக்கப்படவேண்டுமென நாம் கோருகிறோம்.

கூட்டத்திலுள்ள பொறியியலாளருக்கும் நில அளவையாளருக்கும் ஒரு வேண்டுகோள். ஐப்பசி மழைக்கு முன் விடுமுறை நாளொன்றில் எம்முடன் வாருங்கள். லயன்களுக்கு மேலுள்ள வெடிப்புகளையும் அடைபட்ட ஓடைகளையும் அளந்து வரைபடமாக்கித் தாருங்கள். அதனை வைத்து வழக்காடுவது எம் பொறுப்பு.